பட்டாணிக்கு நகம் வெட்டிய வெள்ளிக்கிழமை

— பிடிங்கத்தே, பிடிங்க, முன்னங்கால விட்டுடாதீங்க, இதோ ஒரே ஒரு…

— எங்கடி பிடிக்கிறது, சிவசிவா, கீறுது பாரு, கீறு…

— துணியோட சேத்து அமுக்குங்கத்தே! கழுத்த இல்ல, கழுத்த இல்ல, தோள!

— போச்சு. தறிக் குழிக்குள்ள குதிச்சிடுச்சு பாரு உன் புள்ள.

— ஐயோ, விட்டுட்டீங்களே! நகம் நகவெட்டிக்குள்ள வந்துடுச்சு அத்தே. ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும்.

— நானா உட்டேன்? அது திமிறிக்கினு போச்சு. என் கைய பாரு. முழங்கை வரிக்கும் கோலம் போட்டு வெச்சிருக்குது.

— பட்டாணி, வாடா. மேல வா. பாவு மேல கால வைக்காதடா, ப்ளீஸ்டா. இன்னொரு இழை இழுத்தேன்னா உன்ன யாராலயும் காப்பாத்த முடியாது.

— கெடக்கட்டும் உடு. இன்னைக்கு வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம அதுவுமா நகம் வெட்டினா வூட்ல லட்சுமி தங்குவாளா?

— பூனைக்குக் கூடவா வெள்ளிக்கிழமை பாப்பாங்க?

— இந்த வூட்டுச் சோறு தின்னுற எல்லாத்துக்கும்தான்.

— நேத்து கேட்டேன். அமாவாசைன்னீங்க.

— அமாவாச இல்லியா பின்ன?

— முந்தாநாள் தோள்பட்ட வலின்னீங்க. செவ்வாய்க்கிழமை எப்பவும் ஆகாது. உங்க காலண்டர்ல நகம் வெட்ட நாளே கெடையாதா அத்தே?

— திங்கக்கெழம வெட்டிக்கலாம். நல்ல குளுந்த நாளு.

— திங்கக்கிழமை வேணாம்.

— ஏன், திங்கக்கெழமைக்கு என்னா?

— இன்னைக்கே ஆவணும். காலையில அவரு சொன்னத நீங்களும்தான கேட்டீங்க. சேலைய முதலாளி வீட்ல வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, இழை இழுத்திருக்குன்னு திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா சாக்குல போட்டு பாலாத்துல கொண்டு போய் விட்டுடுவேன்னாரு.

— அவன் அவ்ளோ நீளமாவா பேசினான்?

— அவ்ளோ நீளமா பேசினதாலதான் எனக்குப் பயமா இருக்குது.

— பூனைய ஆத்துல உட்டா பாவம்னு அவனுக்குத் தெரியும்டி. சும்மா மெரட்டறான்.

— சாக்க எடுத்து சைக்கிள் கேரியர்ல மாட்டி வெச்சிருக்காரு, நான் பாத்தேன். அத்தே, நான் இந்த வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்குதா?

— ஆரத்தி எடுத்தேன். வேற என்னா பண்ணுவாங்க.

— அதுக்கு அப்புறம். தாலி மஞ்ச ஈரம் கூட காயல. "கைய நீட்டு"ன்னீங்க. மோதரம் போடப் போறீங்கன்னு நெனச்சு நீட்டினா, ஒவ்வொரு விரலா திருப்பி நகத்தப் பாத்தீங்க.

— பட்டுக்குப் பக்கத்துல போற கை ஆச்சே, பாக்க வேணாமா? எங்க மாமியாரு என்னுத பாத்தாங்க. அவங்க மாமியாரு அவங்களுத பாத்திருப்பாங்க.

— அதேதான் நானும் சொல்றேன். இவனும் இந்த வீட்டு ஆளு. இவன் கையையும் பாத்துடுங்க.

— இவன் கைய நீட்டுவானா? நான் கிட்ட போனாலே வாலு குஞ்சம் கட்டிக்குது. போன மாசம் கழிவு நூல்ல நாலு காலுக்கும் உறை தெச்சுப் போட்டியே, அதுவே தேவல.

— அதப் போட்டுக்கினு குடிகாரன் மாதிரி நடந்தான். ஒரு உறைய முழுங்கிட்டான். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினேன். அங்கதான் கம்பவுண்டர் சொன்னாரு, உறையெல்லாம் வேணாம்மா, நகத்து நுனிய வெட்டிப் பழக்குன்னு.

— மனுசனுக்கு வைத்தியம் பாக்கவே இங்க ஆளக் காணோம்.

— மொதல்ல என்னையும் தொட விடல அத்தே. தூங்கும்போது பாதத்துல ஒரு விரல் வெப்பேன். எடுத்துடுவேன். ஒரு வாய் தயிர்ச்சோறு. அடுத்த நாள் கொஞ்சம் அமுக்குவேன். ஒரு வாய். அப்புறம் நகவெட்டிய சும்மா காது கிட்ட டிக் டிக்னு சொடுக்கிக் காட்டுவேன். அதுக்கு ஒரு வாய். எவ்ளோ நாளாச்சு தெரியுமா? இப்ப என் மடியில படுத்துக்கினா நாலு காலையும் குடுக்கறான். தூங்கியே போயிடறான்.

— அப்ப உன் மடியில போட்டு நீயே வெட்டேன். இந்தக் கெழவியப் போட்டு எதுக்குப் பாடா படுத்தற?

— நீங்க ஒண்ணும் கெழவி இல்ல. உங்க மடியில பழகணும். அப்புறம் நீங்களே வெட்டணும்.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— ஏன்னா… நான் தறியில உக்காந்திருக்கும்போது… நீங்கதான சும்மா இருக்கீங்க.

— சும்மா இருக்கேனா! பாவு புணைக்கிறது யாரு, நூல் சுத்தறது யாரு, மூணு வேளை அடுப்புல வேகறது யாரு?

— தப்புத்தான் அத்தே, வாய் தவறிப் போச்சு. கோச்சுக்காதீங்க. இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை.

— துணிய நல்லா சுத்திக் குடு.

— துணி இல்லாம பாக்கலாமா? துணி சுத்தினாத்தான் மெரள்றானோ என்னமோ.

— துணி இல்லாம நான் தொட மாட்டேன். என் கை கெடக்குற கெடைக்கு.

— சரி, சரி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

— திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன்.

— தயிர்ச்சோத்துக்கு என் மடிதான் படிஞ்சுது. உங்க மடிக்கு அது பத்தல. அதனால பின்பக்கத்து வீட்டு கங்கையம்மா அக்கா கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்.

— என்னாது?

— நெத்திலி.

— நெத்திலின்னா?

— கருவாடு அத்தே.

— சிவசிவா! முட்டை ஓடு கூட மிதிக்காத வூடுடி இது! சாமி ரூம்ல காமாட்சி வெளக்கு எரியுது, வெள்ளிக்கெழம, அவ எதிர்ல கருவாடா?

— சாமி ரூம் கதவ சாத்திட்டேன்.

— சாத்திட்டா மூக்கு அடைச்சுக்குமா?

— ஏ வடிவு! வடிவு! இன்னா சத்தம் உங்க வூட்ல, தெரு முக்கு வரிக்கும் கேக்குது?

— வந்துட்டா பாரு. கங்கா, அங்கயே நில்லு, வாசப்படிய தாண்டாதே.

— நான் எங்கம்மா தாண்டறேன்? இந்தா பாப்பா நீ கேட்டது. எலயில மடிச்சு, பேப்பர் சுத்தி, மேல பிளாஸ்டிக் பையும் போட்டிருக்கேன். எங்க வூட்டு மீனு உங்க வூட்டுக் காத்தக் கூட தொடல.

— தேங்க்ஸ்க்கா.

— இன்னா வடிவு, மூஞ்சிய அப்படி வெச்சிக்கினு இருக்கே? பூனைக்குத்தானம்மா. உன்னையா திங்கச் சொன்னாங்க? அது பாவம், பொறந்ததுலருந்து தயிர்ச்சோறு தின்னு தின்னு அதுவே விபூதி பூசிக்கும் போல இருக்குது.

— வாய மூடிக்கினு போடி. ஊரக் கூட்டாதே.

— போறேன் போறேன். பாப்பா, நம்ம பெரியநாயகி சொல்லச் சொன்னா, நாளைக்கு…

— போன்னு சொன்னேன் கங்கா!

— தே, இன்னாத்துக்கு இப்படி எரிஞ்சு உழறே? நல்லதுக்குக் காலமில்ல. நான் வரேன் பாப்பா.

— ஏன் அத்தே அக்காவ அப்படி வெரட்டினீங்க? உதவிக்கு வந்தவங்க.

— நாத்தம் தாங்கல. பிரிச்சுத் தொல. அவன் எங்க?

— இதோ, மோப்பம் பிடிச்சுக்கினு மேல வந்துட்டான் பாருங்க. கள்ளப் பய. கண்ணப் பாருங்க, ரெண்டும் சோழி மாதிரி. வாடா செல்லம். அத்தே, நீங்க காலை நீட்டி உக்காருங்க. மடியில வெச்சு, துணிய இப்படி, பின்னங்காலோட சேத்து. கை துணிக்குள்ள இருக்கட்டும், இடுப்புகிட்ட. நான் வாய்ல குடுத்துக்கினே நகத்தப் பாக்கறேன்.

— சீக்கிரம்.

— தின்றான் அத்தே, தின்றான்! பாருங்க, காதெல்லாம் தொங்கப் போட்டுட்டான். அசையாதீங்க. பாதம் குடுத்துட்டான். இதோ நகம் வருது. இதோ…

— ஆ!

— பட்டாணி! டேய்!

— கடிச்சிடுச்சுடி. ரத்தம்.

— எங்க, எங்க காட்டுங்க. ஐயோ. இருங்க, மஞ்சத்தூள் எடுத்தாரேன். கைய மேல தூக்கிப் பிடிங்க… எப்படி அத்தே? நல்லா தின்னுக்கினுதான இருந்தான்? கொர் கொர்னு சத்தம் கூட வந்துச்சே. என்னமோ நெருப்பு பட்ட மாதிரி எகிறுறான்.

— அதுக்கு என்னப் பிடிக்கல. உட்டுடு. சில உசுருக்கு சில கை ஆவாது.

— அப்படிச் சொல்லாதீங்க.

— ஏண்டி அழற? எனக்குத்தான கடி?

— மணி என்ன அத்தே?

— மூணு இருக்கும். அழாதடி. பூனைக்குப் போயி யாராச்சும் இப்படி… தே, மூக்கத் தொடச்சிக்க. நீயே வெட்டிடு. உன் மடியில படுக்குதில்ல, எல்லாத்தையும் வெட்டி உட்டுடு. அவன் வந்து பாத்தான்னா நகம் இருக்காது, சாக்க எடுத்த எடத்துல வெச்சிடுவான். முடிஞ்சுது.

— மூணு வாரத்துல மறுபடி மொளைக்கும்.

— மொளைச்சா மறுபடி வெட்டு.

— மூணு வாரம் கழிச்சு…

— சொல்லு.

— மூணு வாரம் கழிச்சு நான் இங்க இருக்க மாட்டேன் அத்தே.

— அந்தக் கருவாட்ட மூடி வை. ஈ மொய்க்குது.

— அத்தே. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— நாளைக்குக் காலையில வேன் வருது. ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் செய்யற கம்பெனி. கங்கையம்மா அக்கா பொண்ணு பெரியநாயகி வேல பாக்கறாளே, அவதான் சொல்லி சேத்து விட்டா. அங்கயே ஆஸ்டல். ரூமுக்கு ஆறு பொண்ணுங்க. பூனைய கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க.

— ஏனாத்தூர்ல உங்கம்மா வூட்ல உடறது.

— எங்க அண்ணன் ரெண்டு நாய் வளக்குறான். போன பொங்கலுக்கு பக்கத்து வீட்டுப் பூனைய கொதறிப் போட்டுதுங்க… உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தே?

— கங்கா வாய்ல எது நிக்கும்? அவ பொண்ணு சொன்ன அன்னிக்கே கெணத்தடியில என் காதுல ஊதிட்டா.

— தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல.

— கேட்டா நீ ஆமாம்னு சொல்லுவ. அதான் கேக்கல. அவனுக்குத் தெரியுமா?

— சொன்னேன். போன வாரம், பக்கத்துல உக்காந்து சேலைக் கரைக்குக் கோர்வை நாடா போட்டுக்கினு இருக்கும்போதே சொன்னேன். நான் வேலைக்குப் போறேன், ஆஸ்டல்ல தங்கப் போறேன்னேன்.

— என்னா சொன்னான்?

— தறி மேல ஒரு தட்டு தட்டினாரு.

— அவ்ளோதானா?

— ஒரு தட்டுன்னா நாடாவப் போடுன்னு அர்த்தம். போட்டேன்.

— அவன் கெட்டவன் இல்லடி.

— கெட்டவருன்னு நான் சொன்னனா? குடிக்கல, அடிக்கல, ஒரு தப்பு சொல்ல முடியாது. ஒரு தட்டுன்னா நாடா போடணும். ரெண்டு தட்டுன்னா இழை அறுந்துடுச்சு, முடிச்சுப் போடணும். மூணு தட்டுன்னா குடிக்கத் தண்ணி. தறிய விட்டு எழுந்து வந்தா அந்தத் தட்டும் கெடையாது. என் பேரு என்னன்னு அவர எழுப்பிக் கேட்டா சொல்லுவாரா? எனக்கு டவுட்டுத்தான் அத்தே. தோளும் தோளும் இடிச்சுக்கினு நாள் முழுக்க உக்காந்திருக்கோம். நாலாவதா ஒரு தட்டு வராதா, அதுக்கு வேற ஏதாச்சும் அர்த்தம் இருக்காதான்னு காத்துக்கினே இருந்தேன்.

— அவங்கப்பாரும் அப்படித்தான். அவருக்கு மூணாவது தட்டு கூட கெடையாது. தண்ணி வேணும்னா சொம்ப உருட்டுவாரு.

— நீங்க எப்படி இருந்தீங்க?

— இருந்தேன். எனக்கு எந்த வேனும் வரல.

— உங்கள விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க அத்தே.

— நெனைக்கல.

— நெனைக்கிறீங்க. மூஞ்சி சொல்லுது. இந்த வீட்ல எங்கிட்ட பேசினது நீங்களும் இவனும்தான். நீங்க திட்டுவீங்க, இவன் கத்துவான், அதுலதான் எனக்குப் பொழுது போச்சு. நான் மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். போன் பண்ணுவேன். ஆனா இவனுக்கு நான் போன் பண்ண முடியாதில்ல? நான் போயிட்டு நகம் வளந்து ஒரே ஒரு இழை இழுத்தான்னா சாக்குதான். தெருவே பாக்காத பய. பாலாத்து மணல்ல நாய்ங்க நடுவுல நின்னுக்கினு தயிர்ச்சோறு எங்கன்னு பாப்பான். அதுக்குத்தான் உங்களப் போட்டு இந்தப் பாடு படுத்தறேன். உங்க கைக்கு அவன் பழகிட்டான்னா நான் நிம்மதியா வேன்ல ஏறுவேன். இல்லாட்டி போகவே முடியாது என்னால. கால்ல விழட்டுமா? விழறேன்.

— சீ, ஏந்திரிடி. வெள்ளிக்கெழம அதுவுமா கால்ல உழுந்துக்கினு.

— கோர்வை யார் போடுவான்னு கூட நீங்க கேக்கல.

— நான் உக்காருவேன். முடியலன்னா ஒரு ஆள வெச்சிக்குவான். தறிக்கு ஆள் கெடைக்கும்.

— அப்புறம் எதுக்கு இப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. கொண்டா அவன.

— கை வலிக்கலயா? கடி வாங்கின கை.

— கொண்டான்னு சொல்றேன்ல.

— இருங்க, துணி எடுத்தாரேன்.

— துணி வேணாம். அப்படியே குடு.

— கீறிடுவான் அத்தே.

— கீறட்டும். குடு.

— பட்டாணி, தங்கம், அம்மா சொன்னா கேப்பியாம். பாட்டி மடியில… பாருங்க, தானா சுருண்டுக்கிட்டான். கருவாடு வெக்கட்டுமா?

— வேணாம். நாத்தம்.

— சரி. இப்ப பாதத்த எடுங்க. கட்டை விரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ. லேசா, அவரைக்கா பிதுக்கற மாதிரி. பாத்தீங்களா, வெளிய வருது.

— மல்லி மொட்டுக் காம்பாட்டம் இருக்குது.

— உள்ள ரோஸ் கலர்ல தெரியுதில்ல? அது ரத்த நரம்பு. அதத் தொடக் கூடாது. நுனி கொக்கி மட்டும்.

— கண்ணு சரியா தெரியல.

— தொடச்சிக்குங்க அத்தே. நான் பாதத்தப் பிடிச்சிக்கறேன், தொடச்சிக்குங்க.

— கருவாட்டு நெடி. கண்ணுல காரமா எறங்குது.

— ம். நெடிதான். இப்ப வெட்டுங்க. அமுக்குங்க.

— வெட்டிட்டேனா?

— வெட்டிட்டீங்க! அத்தே, வெட்டிட்டீங்க! பாருங்க தரையில, பிறை நெலா மாதிரி கெடக்குது. அவன் கண்ணக் கூட தொறக்கல!

— கத்தாதே. எழுப்பிடப் போற.

— இல்ல, கத்தல. அடுத்தது. நீங்களே. நான் கைய எடுத்துட்டேன் பாருங்க. ஆங், அப்படித்தான். அவ்ளோதான். இன்னொண்ணு. உங்களுக்குச் சொல்லியே தர வேணாம், நகம் பாக்கற கையாச்சே.

— இந்தக் கால் முடிஞ்சுது. அந்தக் கால குடுறா. குடுறான்னா.

— குடுக்கறான்! ஐயோ, உங்களுக்குக் குடுக்கறான் அத்தே! கொர் கொர்னு சத்தம் கேக்குதா? எங்கிட்ட கூட இவ்ளோ சத்தம் போட மாட்டான். நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா, உங்க கைய கண்டாலே ஆகலன்னு… துணி கூட இல்ல, கருவாடு கூட இல்ல, சும்மா படுத்திருக்கான் பாருங்க, மெழுகு மாதிரி. இத்தன நாளா ஏன் அத்தே அப்படித் திமிறினான்?

— அது எங்கடி திமிறுச்சு? ஒவ்வொரு வாட்டியும் துணிக்குள்ள நான்தான் கிள்ளினேன். இப்பதான் கிள்ளல.